நோஸ்வொர்க்: ‘மோப்பப் பயிற்சி’ வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

> நோஸ்வொர்க்குக்கு ‘மோப்பப் பயிற்சி’ போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. ‘மோப்ப நாய்’ என்றாலே நமக்குப் பத்திரிகைச் செய்திதான் நினைவுக்கு வரும்: சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. நோஸ்வொர்க்கோ, ஒளித்துவைத்ததை வீட்டு நாய்கள் முகர்ந்தே கண்டுபிடிக்கும் விளையாட்டு. துப்பறியும் நாய்களைப் பழக்கியவர்களே 2006-இல் தெற்குக் கலிபோர்னியாவில் செல்ல நாய்களுக்கென இதைத் தொடங்கினார்கள்.

‘பயிற்சி’யும் இடறுகிறது. முகர்வதற்கு நாய்க்கு நாம் என்ன சொல்லிக்கொடுப்பது? நாலு அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்து, ஒன்றில் மட்டும் வேகவைத்த கோழித்துண்டு போட்டு, நாயை அவிழ்த்துவிடுங்கள். கை காட்டாதீர்கள், ஏவாதீர்கள். கண்டுபிடித்தால் அந்தப் பெட்டியிலேயே தின்னட்டும். அப்புறம் பெட்டிகளை இடம் மாற்றலாம், நாற்காலிக்கு அடியில் ஒளிக்கலாம். போட்டிகளில் நாய் தேடவேண்டிய கிராம்பு, சோம்பு, பிர்ச் மரத் தைல வாடைகள் பிற்பாடுதான். அதுவும் பஞ்சில் துளி நனைத்து, துளையிட்ட டப்பாவில், நாய் நக்க முடியாதபடி. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். வெயில் ஏறிய பிறகு வேண்டாம், இரைக்கிற நாய் சரியாக முகராது. பயிற்சி என்றால் அது வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டிய நமக்குத்தான்!

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை. கண்ணால் துரத்தும் சாதி, மூக்குவேலைக்கு ஆகாது என்றார்கள். மூன்றாம் நாள் மின்விசிறியைப் போட்டிருந்தோம். நேராகப் பெட்டிக்குப் போகாமல், காற்று போய் முட்டும் மூலையில் நின்று முகர்ந்தது. பிறகு அங்கிருந்து வளைந்து வளைந்து சரியான பெட்டிக்கு வந்தது. அன்றுதான் எனக்கு ‘வாடை’ என்ற சொல்மேல் மதிப்பு வந்தது. காற்றுக்கும் அதே பெயர், அது கொண்டுவருவதற்கும் அதே பெயர். ‘மணம்’ உயர்ந்துவிட்டது, ‘நாற்றம்’ கெட்டுவிட்டது. நாய் தேடவேண்டியதை இலக்கு வாடை என்றும், காற்று கொண்டுபோய்ச் சேர்த்து மூலையில் தங்குவதை வாடைத் தேக்கம் என்றும் சொன்னால் இரண்டு பக்கமும் சாயாது.

ஆட்டத்துக்கு என் பரிந்துரை ‘மோப்பாட்டம்’. பந்தாட்டம் போல எளிதாக வாயில் வருகிறது. ‘முகர்தேடல்’ என்று முன்பு ஒருவர் சொன்னதும் பிழையில்லை. ஆனால் அதைச் சொல்லி நாயைக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

சிக்கல் ‘அலர்ட்’தான். கண்டதும் நாய் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறதே, அது. ‘எச்சரிக்கை’ அபத்தம். ‘காட்டிக்கொடுத்தல்’ பொருளில் கச்சிதம், ஆனால் பாவம், நாயைத் துரோகியாக்கிவிடும். ‘காட்டல்’ என்று நிறுத்திக்கொள்ளலாமா? வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்