இத்தனை ஆஸ்பத்திரி உள்ள வேலூரில் 2021-ல் படுக்கைக்கு ஏன் அலைந்தோம்?

தொரப்பாடி குமரன் (இரவு 9.10)
பென்ட்லண்ட் அரசு ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறந்ததிலிருந்து, இனி எந்தக் கொரோனா அலை வந்தாலும் கவலையில்லை என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. 2021 மே மாதம் அப்பாவை ஆட்டோவில் வைத்துக்கொண்டு மூன்று இடம் சுற்றினேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 86. முதல் இடத்தில் கேட்டையே திறக்கவில்லை. இரண்டாவதில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மூன்றாவது இடத்து வாசலில் நாலு மணி நேரம்; எங்களுக்கு முன்னால் எட்டு ஆம்புலன்ஸ். அப்பா பிழைத்தார், அது வேறு கதை.

பாதி இந்தியா ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிற ஊர் இது. இந்த ஊர்க்காரனுக்கே இடமில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அலை வந்தால் பெரிய ஆஸ்பத்திரிகளில் பாதிப் படுக்கை மாவட்டத்துக்காரர்களுக்கு என்று சட்டம் போட வேண்டும். படுக்கையையும் இரண்டு மடங்காக்க வேண்டும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

காந்திரோடு பாய் (9.26)
குமரன் தம்பி, அப்பா பிழைத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெளியூர்க்காரர்களை இழுக்காதீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் என் லாட்ஜில் மட்டும் நாற்பது பேர் மாட்டிக்கொண்டார்கள். ஜார்க்கண்ட், வங்காளம், அசாம். கையில் மருந்துச்சீட்டு, பையில் காசில்லை. அவர்களுக்காக மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்டார்கள். நீங்கள் சொல்கிற 2021 மே மாதம் காந்தி ரோடே வெறிச்சோடிக் கிடந்தது, பாபுராவ் தெருவில் நாய்கூட இல்லை. அன்றைக்குப் படுக்கையில் கிடந்தவர்கள் பெரும்பாலும் நம் சுற்றுவட்டாரத்துக்காரர்கள்தான்.

இன்னொன்று. ஊருக்கு வேலி போட்டால் நோய் நிற்காது. 2020 ஏப்ரலில் ஆந்திர எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டிப் பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கட்டிய வேகத்தில் இடித்தார்கள். வைரஸ் பாஸ் கேட்டுக்கொண்டா வரும்?

பாலாறு மணல் (9.41)
பாய் சொல்வது மனிதாபிமானம், சரி. கணக்கு வேறு. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. எந்த ஊர் தாங்கும்? நான் குமரன் கட்சி. படுக்கைதான் முக்கியம். 2019 கடைசியில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், மருத்துவக் கல்லூரி வரவில்லை. மூன்று மாவட்டத்துச் சிக்கலான கேஸும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான். ஒரு குடத்தில் மூன்று வீட்டுக்குத் தண்ணீர்.

வார்டு அக்கா (10.05)
டூட்டி முடிந்து வந்து படிக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், இரண்டு அலையும் வார்டுக்குள் இருந்து பார்த்தவள்.

படுக்கை என்று நீங்கள் சொல்வது கட்டில். கட்டிலைக் கல்யாண மண்டபத்தில்கூடப் போடலாம், 2020-ல் கல்லூரி விடுதிகளில் போட்டோமே. கட்டிலுக்குப் பின்னால் இருக்கிற குழாய்தான் விஷயம். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 7,000 லிட்டர் ஆக்சிஜன். முகமூடி வைத்து நிமிஷத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் ஏழே முக்கால் மணி நேரத்துக்கு வரும். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் தள்ளுகிற ஹை ஃப்ளோ மெஷினில் 60 லிட்டர் போனால் இரண்டு மணி நேரம்கூட வராது. அப்படிப் பத்துப் பேர் இருந்தால் ஒரு நாளைக்கு 8,64,000 லிட்டர். ஒரு கிலோலிட்டர் திரவ ஆக்சிஜன் ஆவியானால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். பத்தே பேர்! டேங்கர் வந்தாலும், அத்தனையும் ஒரே நேரத்தில் போக அந்தச் செம்புக் குழாய் இடம் கொடுக்க வேண்டும். முன்பு பத்துக் கட்டிலில் இரண்டு பேருக்கு ஆக்சிஜன் என்று கணக்குப் போட்டு இழுத்த குழாய் அது. எல்லாரும் இழுத்தால் கடைசிக் கட்டிலில் அழுத்தம் குறையும். ராத்திரி மூன்று மணிக்கு யாருக்கு 15-ஐ 10 ஆக்கலாம் என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போவோம். அந்த நடை எனக்கு இன்னமும் கனவில் வரும்.

அப்புறம் ஆட்கள். பத்து ஐ.சி.யூ. கட்டிலுக்கு, இரண்டு பேருக்கு ஒரு நர்ஸ் என்றால் ஷிப்டுக்கு ஐந்து பேர், மூன்று ஷிப்டுக்குப் பதினைந்து. ஒரு வாரம் டூட்டி, ஒரு வாரம் தனிமை என்று வைத்தால் முப்பது. படுக்கையை இரண்டு மடங்காக்கச் சொல்கிறீர்கள், அந்த முப்பதை அறுபதாக்க யார் வருவார்கள்? கொரோனாவுக்கு என்று ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஓடு அனுப்பிவிட்டார்கள். பிபிஇ பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்ற பெண்கள்.

தொரப்பாடி குமரன் (10.18)
அக்கா, உங்கள் மேல் கோபமே இல்லை. ஆனால் குழாயும் நர்ஸும் சேர்ந்ததுதான் படுக்கை என்றால் நான் கேட்பதும் அதைத்தானே? அரசாங்கம் செய்ய வேண்டியதுதானே? 2021 ஏப்ரலில் அடுக்கம்பாறையில் நோயாளிகள் இறந்தபோது சொந்தக்காரர்கள் ஆக்சிஜன் தடைபட்டது என்றார்கள், அதிகாரிகள் அப்படியில்லை என்றார்கள். உண்மை எது என்று நம்மைப் போன்றவனுக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கு எத்தனை கிலோலிட்டர் இருப்பு, எத்தனை கட்டில் காலி என்று வாசலில் ஒரு போர்டு எழுதிப் போட என்ன தடை?

வார்டு அக்கா (10.22)
போர்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

சத்துவாச்சாரி பெரியவர் (10.50)
சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆளாக வந்தேன், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எல்லாரும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பேசுகிறீர்கள். வாசலில் எட்டு ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றால், பத்து நாளைக்கு முன்னால் எட்டுத் தெருவில் எதையோ கவனிக்காமல் விட்டோம் என்று அர்த்தம். குமரன் அப்பாவுக்கு 86 வந்த நேரத்தில்தான் வண்டி பிடித்தார்கள். 94-க்குக் கீழே இறங்கியபோதே பார்த்திருந்தால் கதை வேறு. ஐநூறு வீட்டுக்கு ஒரு ஆக்சிமீட்டரோடு ஒரு ஆள் தினமும் நடந்திருந்தால், ஆஸ்பத்திரிக்கு வரத் தேவையே இல்லாதவர்கள் வீட்டிலும், வர வேண்டியவர்கள் நேரத்தோடு வார்டிலும் இருந்திருப்பார்கள். சி.டி. ஸ்கேனுக்கும் ரெம்டெசிவிர் ஊசிமருந்துக்கும் நின்ற கூட்டம் பாதியாகியிருக்கும். ரெம்டெசிவிரை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியாயிற்று. ஆறு மாசம் கழித்து நம் பிள்ளைகள் தாலியை அடகு வைத்துக் கீழ்ப்பாக்கத்தில் வரிசையில் நின்றார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. 1980-களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ‘நதி’ என்று ஒரு திட்டம் நடந்தது. வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வைரஸ் துறையின் டாக்டர் ஜேக்கப் ஜான் முன்னின்று நடத்தியது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்று பார்க்காமல், சந்தேகமான நோய் கண்டால் ஒரு தபால் கார்டில் எழுதிப் போட வேண்டும். அவ்வளவுதான். வந்த தகவலைத் தொகுத்து மாதாமாதம் எல்லா டாக்டர்களுக்கும் திருப்பி அனுப்புவார்கள். தான் எழுதிய கார்டுக்குப் பதில் வருகிறது என்று தெரிந்ததால் அவர்களும் எழுதினார்கள். 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வளரும் நாடுகளுக்கு மாதிரி என்று கட்டுரையே வந்தது. கார்டு எழுதிய ஊர் நம்முடையது, வாட்ஸ்அப் வந்த காலத்தில் கோட்டை விட்டதும் நாம்தான்.

பாலாறு மணல் (11.02)
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். மூச்சுத்திணறும் ஆளிடம் தபால் கார்டு கதை சொன்னால் அடிக்க வருவான். தெருவில் நடக்கிற திட்டம் என்றால் அரசாங்கத்துக்குச் சுலபம்: ஒப்பந்த ஆள், தினக்கூலி, ஒரு பேனர். கட்டடம், குழாய், நிரந்தர நர்ஸ் என்றால்தான் காசு செலவாகும். அதைத் தட்டிக்கழிக்க உங்கள் வாதம் நன்றாகப் பயன்படும்.

சத்துவாச்சாரி பெரியவர் (11.15)
நியாயமான குத்து. ஒப்புக்கொள்கிறேன், அப்படியும் பயன்படுத்துவார்கள்தான். ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள். சிஎம்சி தன் சொந்த ஊழியர்களையே வைத்து ஆய்வு செய்து வெளியிட்டது: 10,600 பேரில் 8,991 பேர் 2021 ஏப்ரலுக்குள் தடுப்பூசி போட்டிருந்தார்கள். இரண்டு ஊசியும் போட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதிலிருந்து 77 சதவீதமும், ஐ.சி.யூ.வுக்குப் போவதிலிருந்து 94 சதவீதமும் பாதுகாப்பு. நிமிஷத்துக்கு 60 லிட்டர் இழுத்த ஒரு ஆள் வராமலே போனால், எத்தனை சிலிண்டர் மிச்சம் என்று வார்டு அக்காவைக் கேளுங்கள். ஊசி போட்டது கட்டடமா, தெருவா?

வார்டு அக்கா (11.21)
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிலிண்டர் ஐயா. மாற்றித் தள்ளுகிற பையன்களின் முதுகைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

காந்திரோடு பாய் (11.30)
நானும் ஒன்று கேட்கிறேன். அப்போது வெளிநாட்டிலிருந்தும் கிளப்புகளிலிருந்தும் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கிற கான்சென்ட்ரேட்டர் மெஷின்கள் வந்து குவிந்ததே, அதெல்லாம் எங்கே? எங்கள் ஜமாத்தில் வசூல் செய்து இரண்டு மெஷின் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தோம். போன மாசம் ஒரு வேலையாகப் போனபோது ஸ்டோர் ரூமில் பார்த்தேன், பெட்டி பிரிக்காமல் ஒன்று. இன்னொன்றின் மேல் பழைய ரிஜிஸ்டர்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

தொரப்பாடி குமரன் (11.38)
பாய், சிரிக்காதீர்கள். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே ஒன்று இருக்கிறது. அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியது. அப்பா தேறிய பிறகு வேட்டியைப் போர்த்தி உள்ளே தள்ளியதோடு சரி, நாலு வருஷமாகத் தொடவில்லை. பாதிப் படுக்கை ஒதுக்கச் சொன்னதில் நான் இன்னும் மாறவில்லை, அதை நாளைக்குப் பேசுவோம். முதலில் இதைக் காலையில் எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன்.

வார்டு அக்கா (11.44)
உடனே சுவிட்சைப் போடாதீர்கள் தம்பி. பக்கவாட்டில் ஒரு பஞ்சு ஃபில்டர் இருக்கும், அதைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டிவிடாதீர்கள்.