பையன் கணக்கு போடும்போது பக்கத்தில் உட்காரலாமா, விட்டுவிடலாமா?

வில்லிவாக்கம் அம்மா:

பையன் மூன்றாம் வகுப்பு. மந்தம் என்றெல்லாம் இல்லை. ஐபிஎல் பட்டியலை நெட் ரன் ரேட்டோடு ஒப்பிப்பான். ஆனால் கடன் வாங்கிக் கழித்தல் ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் தினமும் ரகளை. 52-இல் 27 போனால் 35 என்று எழுதுகிறான். "ரெண்டில் ஏழு போகுமா?" என்று கேட்டால் உடனே அழித்துவிட்டுச் சரியாகப் போடுகிறான். அடுத்த கணக்கில் மறுபடி அதே தப்பு. இப்போதெல்லாம் ஒவ்வொரு எண்ணை எழுதுவதற்கு முன்பும் என் முகத்தைப் பார்க்கிறான். நான் புருவத்தை உயர்த்தினால் போதும், ரப்பரை எடுத்துவிடுவான்.

"நீ சொல்லிச் சொல்லித்தான் அவனுக்குச் சொந்தமா யோசிக்கவே வரல, எழுந்து வா" என்கிறார் மாமியார். போடப் போட வந்துவிடும் என்று டியூஷன் டீச்சர் தினமும் ஒரு பக்கம் கணக்கு கொடுத்து அனுப்புகிறார். கணவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். நான் பக்கத்தில் உட்காருவதா, விட்டுவிடுவதா?

ராயபுரம் அப்பா:

சகோதரி, விட்டுவிடுங்கள். நமக்கெல்லாம் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்? என் அப்பா ஹார்பரில் ஷிப்ட் முடித்து வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். தட்டுத் தடுமாறி நாங்களே கற்றுக்கொண்டோம். இப்போது பென்சில் சீவக்கூட ஆள் கேட்கிறார்கள். அதுவும் நான் வீடு வந்து சேரவே ராத்திரி எட்டரை. அதற்கப்புறம் கடன் வாங்குவது பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை, இருக்கிற கடனே போதும்.

பெரம்பூர் டீச்சர் (ரிட்டயர்டு):

வில்லிவாக்கம் அம்மா, முதலில் அந்த 35-ஐ நன்றாகப் பாருங்கள். அது கவனக்குறைவு இல்லை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்று பிள்ளை தானாகவே ஒரு விதி வைத்திருக்கிறான். ஐந்தில் இரண்டு போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. போன வருஷம் வரை போட்ட கணக்குக்கெல்லாம் அந்த விதி சரியான விடை கொடுத்திருக்கிறது, அதை ஏன் அவன் விட வேண்டும்? இந்த நிலையில் தினமும் ஒரு பக்கம் போட்டால் அந்த விதிதான் இன்னும் கெட்டிப்படும்.

நோட்டை மூடிவையுங்கள். பத்து ரூபாய் நோட்டு ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு இரண்டும் அவன் கையில் கொடுங்கள். நீங்கள்தான் கடைக்காரர். 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கட்டும். "என்கிட்ட மீதி கொடுக்கச் சில்லறை இல்லப்பா, சரியா கொடு" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நோட்டை நீட்டுவான், அப்புறம் முழிப்பான். அந்த நேரத்தில் வாயைத் திறக்கவே கூடாது, முப்பது வருஷம் பாடம் நடத்தியவர்களுக்கே இது கஷ்டம். ஒரு டப்பா நிறைய ஒரு ரூபாய்க் காசு பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நோட்டைப் போட்டுச் சில்லறை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவனுக்குத் தானாகத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் டப்பாவை லேசாக அவன் பக்கம் நகர்த்துங்கள். அதற்கும் அசையவில்லையா, ஷேர் ஆட்டோக்காரர் சில்லறை கேட்டால் என்ன செய்வோம் என்று கேளுங்கள். மாற்றிக் காட்டுவது கடைசியில்தான். இப்போது கையில் நாலு நோட்டு, பன்னிரண்டு காசு. காசு மேசைமேல் இருக்கும்போதே நோட்டைத் திறந்து, 5-ஐ அடித்து 4, 2-க்கு மேலே 12 என்று அவனே எழுதட்டும். மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் காசு ஒரு விளையாட்டு, நோட்டு வேறொரு உலகம் என்று ஆகிவிடும்.

இந்த வரிசை என் சொந்தச் சரக்கு இல்லை. 1976-இல் உட், புரூனர், ராஸ் என்ற மூவர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்ட வேண்டும், பக்கத்தில் உதவிக்கு ஒரு பெரியவர். மூன்று வயதுப் பிள்ளையை வேலையில் இழுத்து உட்கார வைப்பதே பெரும்பாடாக இருந்தது. நான்கு வயதுக்கு எங்கே பொருந்தவில்லை என்று வாயால் சொன்னால் போதும். ஐந்து வயதுக்கு "சரிதானே?" என்று கேட்டுக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும். கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பிறகு பிரிப்பது போல என்பதால், இப்படி உதவுவதற்குச் சாரம் கட்டுதல் என்று பெயர் வைத்தார்கள். உட் பின்னால் இதை ஒரு விதியாகவே சொன்னார்: பிள்ளை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, செய்துவிட்டால் ஒரு படி குறை. நம் வீடுகளில் கூட்டுவது ஜோராக நடக்கும், குறைப்பதுதான் நடக்காது.

இவர்களுக்கு முன்னால் ரஷ்யாவில் வைகாட்ஸ்கி என்று ஒரு உளவியல் அறிஞர், காசநோயால் 1934-இல் 37 வயதிலேயே போய்விட்டார். அவர் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. தனியாக விட்டால் இரண்டு பிள்ளைகளும் எட்டு வயதுக்குரிய கணக்கு வரைதான் போடுகிறார்கள். கொஞ்சம் கோடி காட்டினால் ஒரு பிள்ளை ஒன்பது வயதுக் கணக்கு வரை போகிறது, இன்னொன்று பன்னிரண்டு வரை. பரீட்சையில் இரண்டுக்கும் ஒரே மார்க்தான்.

நான் வேலை பார்த்தது மாநகராட்சிப் பள்ளியில். 2003-இல் சென்னையில் செயல்வழிக் கற்றல் வந்தது. பாய், பாட அட்டை, எந்த அட்டைக்கு அப்புறம் எது என்று காட்டும் ஏணிப் படம், பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. அதில் குழு பிரித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் குழுவுக்கு டீச்சரின் முழு உதவி, இரண்டாவதுக்குப் பாதி உதவி. அப்புறம் கூடப் படிக்கும் பிள்ளையின் உதவி, அதுவும் பாதியாகும். அதற்கும் அப்புறம் தனியாக, கடைசியில் மதிப்பீடு. எந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தாலே எவ்வளவு உதவ வேண்டும் என்று தெரிந்துவிடும். குறையும் இருந்தது. வெவ்வேறு அட்டையில் இருக்கிற அத்தனை பிள்ளைகளிடமும் ஒரே ஆள் ஓட வேண்டும், நான் வருவதற்குள் சும்மா இருக்கிற பாயில் சண்டை வந்துவிடும். ஆனாலும் அந்த யோசனையை இன்றைக்கும் மெச்சுவேன்.

அதனால் உட்காருங்கள், ஆனால் எதிரே வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருங்கள், முகம் அவனுக்குத் தெரியக் கூடாது. "எப்படிப் போட்டே?" என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால் கேள்வி காதில் விழுந்ததுமே ரப்பரை எடுப்பான்.

ராயபுரம் தம்பி, உங்களுக்கு யாருமே சொல்லித்தரவில்லையா? நன்றாக யோசித்துப் பாருங்கள்.

ராயபுரம் அப்பா:

எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் இருந்தார்தான் டீச்சர். கேரம் ஆடும்போது என்னைத்தான் ஸ்கோர் எழுத வைப்பார், கழித்தல் தப்பானால் அந்த போர்டு எனக்குக் கிடையாது. ஆனால் அவருக்கு அப்போது வேலையில்லை, நாள் பூரா தெருவில் இருந்தார். இப்போது எங்கள் அபார்ட்மென்ட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்? நீங்கள் சொல்வதெல்லாம் சரி, அதற்கு நேரம் இருக்கிற ஆள் வேண்டும்.

பெரம்பூர் டீச்சர் (ரிட்டயர்டு):

அது நியாயம் தம்பி. வார நாளில் முடியாவிட்டால் விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கப் போகும்போது பணத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள். மீதியை அவனே எண்ணி வாங்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

வில்லிவாக்கம் அம்மா:

டீச்சர், நீங்கள் சொன்னபடி கடை போட்டோம். 27 கேட்டதும் மூன்று நோட்டை நீட்டி, "மீதி மூணு ரூபாயை ஜிபே பண்ணிடுங்க" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் டப்பாவை நகர்த்தினதும் பிடித்துக்கொண்டான். இரண்டு இலக்கம் இப்போது பெரும்பாலும் சரியாக வருகிறது. 304-இல் 128 கழிக்கச் சொன்னால் நடுவில் இருக்கிற பூஜ்யத்தைப் பார்த்து உறைந்துவிடுகிறான். இன்னொரு சிக்கல், கடையைப் பார்த்து மாமியாருக்கும் ஆசை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து "மாத்திக்கடா கண்ணா, மாத்திக்கோ" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

பெரம்பூர் டீச்சர் (ரிட்டயர்டு):

ஜிபே பண்ணச் சொன்ன பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். 304-க்கு நூறு ரூபாய் நோட்டு மூன்று, காசு நாலு கொடுங்கள். பத்து ரூபாய் நோட்டே கையில் இருக்காது. ஒரு நூறைப் பத்து நோட்டுகளாக்க வேண்டும், அதில் ஒன்றைச் சில்லறையாக்க வேண்டும், ஆக இரண்டு தரம் மாற்றினால் 2 நூறு, 9 பத்து, 14 காசு. விடை 176. ஆனால் இரண்டு இலக்கம் காசைத் தொடாமலே வருகிற வரை இதைத் தொடாதீர்கள்.

பாட்டியைக் கணக்கே தெரியாதவராக உட்கார வையுங்கள். அவன் அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். "எனக்குப் புரியலையே, அஞ்சை ஏன் அடிச்சே?" என்று அவர் விடாமல் கேட்க வேண்டும். இதை மாமியாரிடம் நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள், பையனை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.