‘வெட் பல்ப்’ வெப்பநிலைக்கு ஒரு சொல்: ‘நனைவெப்பநிலை’ சரிவருமா?

வணக்கம்.

‘வெட் பல்ப் டெம்பரேச்சர்’, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் வெப்பநிலை, இதற்குப் புதிய தமிழ்ச்சொல் பரிந்துரைக்கக் கேட்டிருந்தேன். ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற சொல் ஏற்கெனவே பாடப்புத்தகங்களில் இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு என்று இருவர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். புழக்கத்தில் இருக்கும் சொல்லைக் காரணமில்லாமல் மாற்றக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. போன மாதம் வரை நானே ஈரக்குமிழ் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் நடந்தது இது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதி, அச்சுக்குப் போகும் முன் நாலு பேருக்குப் படித்துக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். “ஈரக்குமிழ் வெப்பநிலை 30 டிகிரியை நெருங்கினால்” என்று ஆரம்பித்ததுமே, கட்டட வேலை செய்யும் ஓர் அண்ணன், “எந்தக் குமிழிங்க? நுரையில வருமே, அதுவா?” என்று கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையோடுதான் கேட்டார். வெப்பமானியின் அடியில் பாதரசம் இருக்கும் உருண்டை, அதன்மேல் ஈரத்துணி, துணியிலிருந்து நீர் ஆவியாவது என்று நான் விளக்கி முடிப்பதற்குள், எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்ற முக்கியமான வரி எல்லோருக்கும் மறந்தே போய்விட்டது. எச்சரிக்கையில் முதல் சொல்லே இப்படி வழிமறித்தால் மீதியைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

குமிழ் என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது நீர்க்குமிழி. ஈழத்து வழக்கில் மின்குமிழ். இலக்கியம் படித்தவருக்கு மூக்குக்கு உவமையாக வரும் குமிழம்பூ. வெப்பமானியின் அடி உருண்டை யாருக்குமே முதலில் வருவதில்லை. இன்னொன்று, தானியங்கி வானிலை நிலையங்கள் பலவற்றில் இப்போது பாதரச உருண்டையும் இல்லை, ஈரத்துணியும் இல்லை. ஈரப்பத உணரி ஒன்று, வெப்ப உணரி ஒன்று, அவற்றின் அளவுகளிலிருந்து கணக்குப் போட்டு இந்த எண்ணைத் தருகிறார்கள். கருவி போய்விட்டது, அதன் உறுப்பின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அதனால் என்ன, ‘மணி என்ன’ என்று கேட்கிறோமே, எந்த மணி அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல வாதம், இரண்டு நாள் யோசித்தேன். ‘மணி’ தினமும் நூறு முறை வாயில் புரண்ட சொல், அதன் வேர் யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஈரக்குமிழ் அப்படியில்லை. பெரும்பாலான வாசகர்கள் இதை வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்திப்பதே ஓர் ஆபத்து அறிவிப்பில்தான். அங்கே சொல் கொஞ்சமாவது தானே பேச வேண்டும்.

சரி, இந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது? வீட்டில் செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம். சாதாரண வெப்பமானி இரண்டு. ஒன்றின் அடியில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி நூல் கட்டி, தண்ணீரில் நனைத்து, இரண்டையும் மின்விசிறிக்கு முன்னால் வைத்தேன். இரண்டும் 34-இல் தொடங்கின. நனைந்தது இறங்க ஆரம்பித்தது. 32, 30, 28 என்று வந்து 27-இல் நின்றுவிட்டது. விசிறியை வேகமாக வைத்தேன், துணியை மறுபடி நனைத்தேன், பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன், அதற்குக் கீழே அசையவில்லை. அன்றைய காற்றில் நீர் ஆவியாவதால் ஒரு பொருள் எவ்வளவு தூரம் குளிர முடியுமோ அதன் கடைசிப் படி அது. காற்று வறண்டிருந்தால் அந்தப் படி இன்னும் கீழே இருக்கும். காற்றில் ஈரம் நிரம்பிவிட்டால் இரண்டு வெப்பமானியும் ஒரே அளவைக் காட்டும்.

அந்த நனைந்த துணியின் இடத்தில் நம் தோலை வைத்துப் பாருங்கள். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். காற்றும் சுவரும் உடலை விடச் சூடாக இருக்கும் நாளில் வியர்வையை விட்டால் வேறு வழியே கிடையாது. கணக்குப் போட்டால் மணிக்கு 150 கிராம் வியர்வை முழுக்க ஆவியாக வேண்டும், வேலை செய்தால் அதைப்போலப் பல மடங்கு. ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் உடலுக்குக் குளிர்ச்சி இல்லை, நீர் இழப்பு மட்டும்தான்.

2010-இல் ஷெர்வுட், ஹூபர் என்ற காலநிலை ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரைதான், மனித உடல் தாங்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 35 டிகிரி என்ற எல்லையைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. உடலுக்குள்ளே 37, தோல் 35 அளவில், அந்தச் சிறிய இடைவெளி வழியாகத்தான் வெப்பம் வெளியே வரமுடியும். நனைந்த துணியே 35-இல் நின்றுவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும், நிழலில், காற்றோட்டத்தில், தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்திருந்தாலும் உடல் சூடேறிக்கொண்டேதான் போகும். 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு, பாகிஸ்தானின் ஜேக்கபாபாத், அமீரகத்தின் ராஸ் அல் கைமா போன்ற இடங்களில் அந்த எல்லை குறுகிய நேரத்துக்கு ஏற்கெனவே தாண்டப்பட்டிருப்பதை வானிலைப் பதிவுகளிலிருந்தே எடுத்துக் காட்டியது.

அப்புறம் 2022. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைக் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைத்து, உடலுள் வெப்பத்தை அளந்து அனுப்பும் மாத்திரையை விழுங்கச் செய்து, அன்றாட வீட்டு வேலை அளவுக்கு மட்டும் அசையவைத்துப் பார்த்தார்கள். ஈரமான சூட்டில் ஈரக்குமிழ் வெப்பநிலை 31-ஐ நெருங்கும்போதே உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனது. வறண்ட கடும் சூட்டில் இன்னும் கீழே, 25-இலிருந்து 28-க்குள்ளாகவே. காரணம், அங்கே காற்று எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாலும் உடலால் அவ்வளவு வியர்வையைச் சுரக்க முடிவதில்லை. 35 என்பது இயற்பியல் போடும் கோடு, உடல் அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடுகிறது. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இன்னும் சீக்கிரம். என் துண்டறிக்கையில் 35 என்ற எண்ணே வரக் கூடாது என்று முடிவு செய்தது இதைப் படித்த பிறகுதான்.

இவ்வளவையும் சுமக்கும் சொல் வேண்டும். வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

‘புழுக்கநிலை’ என்று ஒருவர் சொன்னபோது எனக்கு மனம் துள்ளியது. புழுக்கம் எவ்வளவு நல்ல சொல். புழுக்குதல் என்றால் நீராவியில் அவித்தெடுப்பது, அதே வேர்தான் காற்றில்லாத அறையில் நாம் படும் பாட்டுக்கும். ஆனால் புழுக்கம் உணர்வைச் சொல்கிறது, நமக்கு வேண்டியது அளவு. தவிர, அந்தச் சொல்லுக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. ‘ஹீட் இண்டெக்ஸ்’ என்று செய்திகளில் வருகிறதே, இத்தனை டிகிரி போல உணரப்படும் என்று, அதன் அடிப்படை 1979-இல் ராபர்ட் ஸ்டெட்மன் எழுதிய கட்டுரை. அதன் தலைப்பே புழுக்கத்தை மதிப்பிடுவது பற்றியதுதான். ஆகவே புழுக்கச் சுட்டெண் என்பதை அதற்கு ஒதுக்கிவைப்போம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

‘ஆவிக்குளிர் வெப்பநிலை’, ‘நனைகுளிர் வெப்பநிலை’ இரண்டும் அறிவியல்படி சரியானவை. ஆனால் “இன்று நனைகுளிர் 31” என்று படிப்பவர் போர்வையைத் தேடுவார். வெப்ப எச்சரிக்கையில் குளிர் என்ற சொல் வரவே கூடாது.

‘ஈரவெப்பம்’ எளிமையானது, நானும் முதலில் அதைத்தான் எழுதினேன். மருத்துவக் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கம் செய்வதற்கு ஈரவெப்ப முறை என்று செவிலியர்கள் ஏற்கெனவே படிக்கிறார்கள். ஈரக்காற்றோடு கூடிய சூட்டைப் பொதுவாகக் குறிக்கவும் அது வேண்டியிருக்கும். ஒரே சொல்லை மூன்று இடத்தில் கட்டிவைக்க வேண்டாம்.

என் முன்மொழிவு ‘நனைவெப்பநிலை’. நனைந்த பொருள் வந்து நிற்கும் வெப்பநிலை. வெப்பநிலை எப்படி நனையும் என்று கேட்கலாம். கொதிநிலையில் கொதிப்பது நிலை அல்ல, நீர். உறைநிலை, உருகுநிலை எல்லாம் அப்படித்தான், வினைத்தொகையில் அந்தப் பொருள் மறைந்து நிற்கும், நம் காது அதற்குப் பழகியிருக்கிறது. அப்படியானால் ‘நனைநிலை’ என்றே சுருக்கலாமே என்று எனக்கே தோன்றியது. ஆனால் நனைநிலை என்றால் எந்த நிலையில் நனையத் தொடங்கும் என்று பொருள்படும், அது பனி படியும் வெப்பநிலையோடு குழம்பும், அதுவோ வேறொரு அளவு. ஆகவே ‘வெப்ப’ இருக்கட்டும். நனை என்றால் பழந்தமிழில் பூமொட்டு என்பதும் தெரியும், ஆனால் அந்தப் பொருளால் இங்கே குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

எனக்குப் பெரிய நிறைவு தந்தது இதன் இணைச்சொல். ‘டிரை பல்ப்’, அதாவது துணி சுற்றாத வெப்பமானி காட்டுவது, உலர்வெப்பநிலை. உலர், நனை என்று இரண்டு வினையடிகள் எதிரெதிரே நிற்கின்றன. அன்று என் மேசையில் உலர்வெப்பநிலை 34, நனைவெப்பநிலை 27, அவ்வளவுதான்.

இது உடல்நலத்துக்கு மட்டும் பொருந்தினால் போதாது என்று ஆற்றல் துறை நண்பர் சொன்னார், அவர் சொன்னது சரி. அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் ஆவியாதலால்தான் நீரைக் குளிர்விக்கிறது, எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் நீரை நனைவெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. தரவு மையங்களின் ஆவியாக்கக் குளிர்விப்புக்கும் அதே கதைதான். நனைவெப்பநிலை ஏறினால் கோபுரத்து நீர் சூடாகவே திரும்பும், மின் நிலையத்தின் திறன் குறையும், அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும். ஏசியும் மின்விசிறியும் சேர்ந்து உலகின் மின் நுகர்வில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதாகப் பன்னாட்டு ஆற்றல் முகமை 2018-இலேயே எழுதியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். வளிமண்டலத்தில் தொடங்கி, கோபுரம் வழியாக, நம் தோல் வரை ஒரே எண் பேசுகிறது, அதற்கு மூன்று துறையும் ஒரே பெயர் வைத்தால்தான் ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குப் புரியும். ‘குமிழ்’ கோபுரத்தில் எங்கே இருக்கிறது? நனைவது எல்லா இடத்திலும் இருக்கிறது.

ஈரக்குமிழைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஈரக்குமிழ் வெப்பமானி என்று கருவிக்கு அந்தப் பெயர் இருக்கட்டும், அளவுக்கு மட்டும் புதுச்சொல். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் இடைஞ்சல் இல்லை. செய்தியில் சுருக்கமாக “நனைவெப்பம் 30 டிகிரி” என்று வந்தால் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று சண்டைக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளிப் பாடத்தில் மட்டும் கறாராக இருப்போம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை, உங்கள் உதவி வேண்டும். வேலை இடங்களில் பயன்படுத்தும் ‘வெட் பல்ப் குளோப்’ அளவு. 1957-இல் யாக்லூ, மினார்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கப் படைவீரர்களின் பயிற்சி முகாம்களுக்காக எழுதியது, இப்போது தொழிலாளர் வெப்பப் பாதுகாப்பின் அடித்தளமே அதுதான். கறுப்புப் பூசிய செப்புக்கோளத்தை வெயிலில் வைத்து அதன் உள்வெப்பத்தையும் அளப்பார்கள். கோளத்தின் பெயரை விட்டுவிட்டு அது பிடிப்பது என்ன என்று பார்த்தால், வெயிலிலிருந்தும் உலையிலிருந்தும் சுட்ட தரையிலிருந்தும் வீசும் அனல். அப்படியானால் அது அனல்வெப்பநிலை. வாய்பாடும் தமிழில் நன்றாகவே நிற்கிறது: வெட்டவெளியில் 0.7 பங்கு நனை, 0.2 பங்கு அனல், 0.1 பங்கு உலர். இந்த மூன்றையும் சேர்த்த மொத்தத்துக்கு ‘அனல்சேர் நனைவெப்பச் சுட்டெண்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். பொருள் சரி, நீளம்தான் உறுத்துகிறது. வாசலில் எழுதி மாட்டும் பலகைக்கு இது ஆகாது. ‘பணிவெப்பச் சுட்டெண்’ போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கும் பாதி மனம் அதில்தான்.

துண்டறிக்கையின் அந்த வரியை இப்படி மாற்றி, அதே அண்ணனிடம் மறுபடி படித்துக் காட்டினேன்: “நனைவெப்பநிலை 30 டிகிரியை நெருங்கினால் கவனம். வியர்வை சரியாகக் காயாது, உடம்பு சரியாக ஆறாது. அன்று 12 மணிக்கு மேல் கனமான வேலை வேண்டாம்.” அவர் கேட்டது, “இன்னிக்கு எத்தனைன்னு எங்க பார்க்கிறது?” என்பதைத்தான். சொல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. நனைவெப்பநிலைக்கு எதிராக வலுவான காரணம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.