பிரேக்கிலும் டீசலிலும் 'ஏர் எடுக்கிறது': தமிழில் எப்படி எழுதுவது?

கிருஷ்ணகிரியிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

திங்கட்கிழமைக்குள் ஒரு கையேடு அச்சுக்குப் போக வேண்டும். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிக்கும் என் மாணவர்களுக்கும், வண்டியை வீட்டிலேயே சர்வீஸ் செய்ய நினைக்கும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து எழுதியது. எடுத்துக்கொண்ட வண்டி பழைய 3 லிட்டர் டீசல் ஃபார்ச்சூனர், ஃபோர் வீல் டிரைவ். நம் பக்கம் இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி மாந்தோப்பு ஷெட்டில் நிறுத்தியிருப்பவர்களை எனக்கே நான்கைந்து பேரைத் தெரியும். எஞ்சின் ஆயில் ஏறக்குறைய 7 லிட்டர், ஃபில்டர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் ஆயில், பிரேக் ஆயில், எல்லாமே பொறுமையும் சரியான ஸ்பேனரும் இருந்தால் வீட்டில் ஆகிற வேலைதான்.

ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். டீசல் ஃபில்டர் மாற்றினால் லைனில் காற்று புகுந்துவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. பிரேக் ஆயில் மாற்றும்போது காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டையும் சரிசெய்வதற்குப் பட்டறையில் 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். அதையே 'ஏர் எடுத்தல்' என்று தலைப்பாகப் போட்டேன். படித்த என் மகள், "ஏர்னா உழுறதுதானேப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தலைப்பை என்னால் அப்படியே விட முடியவில்லை. உதவுங்கள்.

தருமபுரியிலிருந்து

தம்பிக்கு, உங்கள் மகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் நூலில் ஏர் என்பது உழும் ஏராகவே இருக்கட்டும். தொல்காப்பிய மரபியல் ஐம்பூதங்களை எண்ணும்போது நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்கிறது. புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று பாடுகிறார். காற்றை வேலை வாங்கத் தெரிந்தவன் என்பது பொருள். உங்கள் மாணவனும் அதைத்தானே செய்யப் போகிறான்? வளிமண்டலம் என்ற சொல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே 'வளிபோக்கல்' என்று வையுங்கள். ஒரே சொல், தமிழ்ச் சொல்.

பாலக்கோட்டிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம். உங்கள் சொல்லை என் பட்டறைப் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவன் "வலி போக்கவா? யாருக்குண்ணா வலி?" என்றான். அவன் மேல் குற்றமில்லை. ளகரமும் லகரமும் எழுத்தில்தான் பிரிந்து நிற்கின்றன. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்பவன் காதில் இரண்டும் ஒன்றுதான்.

'காற்றிறக்கம்' என்று நேற்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது வேண்டவே வேண்டாம். காத்து இறங்கிப்போச்சு என்றால் டயர் பஞ்சர் என்றுதான் அர்த்தம். 'காற்றுப் பிடுங்கல்' என்றாலும் டயர்தான் ஞாபகம் வரும்.

முப்பது வருடமாக நாங்கள் ஏர் என்று சொல்லித்தான் வேலை செய்கிறோம். இடம் பார்த்துப் பொருள் புரிகிறது. கலப்பையோடு யாரும் குழப்பிக்கொண்டதில்லை.

ஓசூரிலிருந்து

பாலக்கோட்டார் சொல்வது பேச்சுக்குச் சரி. ஆனால் சார் கேட்பது எழுத்துக்கு. பேச்சில் ஆள் எதிரே நிற்கிறார், கை காட்டுகிறார். எழுத்தில் அந்த உதவி கிடையாது.

கையேடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு இரத்தம் வடிதல் என்ற பொருளுள்ள சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் கையேட்டில் அதை அப்படியே 'குருதி வடித்தல்' என்று பெயர்த்திருந்ததைப் பார்த்து வருந்தினேன். ஆனால் அதில் குருதியைத் தள்ளிவிட்டால் மிஞ்சும் சொல் நல்ல சொல். வடித்தல். சோறு வடிக்கிறோம், கஞ்சி வடிக்கிறோம். வேண்டியதைப் பாத்திரத்திலே நிறுத்திக்கொண்டு, வேண்டாததைச் சாய்த்து வெளியே விடுகிறோம். பிரேக் லைனிலும் அதுதானே நடக்கிறது? கொஞ்சம் ஆயிலோடு சேர்த்துக் காற்றை வெளியே விட்டு, சுத்தமான ஆயிலை உள்ளே நிறுத்துகிறோம். 'காற்று வடித்தல்' என்று எழுதிப் பாருங்கள். சமையலறை தெரிந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று. எங்கள் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1916-லேயே தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கம் தொடங்கினார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் பட்டறைச் சொற்களில் நாம் கை வைக்கவே இல்லை. தாவரவியலுக்கும் வேதியியலுக்கும் அகராதி போட்டாயிற்று. ஸ்பேனர் பிடிப்பவனுக்கு யாரும் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

தருமபுரியிலிருந்து

ஓசூர் அம்மையாரின் 'வடித்தல்' அருமை. ஆனால் காற்று என்ற சொல்லைச் சற்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். காற்று, 'கால்' என்பதிலிருந்து வந்தது. சங்க இலக்கியத்தில் கால் என்பதற்குக் காற்று என்ற பொருளும் உண்டு. காற்றைக் குறிக்கும் கன்னடத்தின் காளியும் தெலுங்கின் காலியும் இதன் உறவுகள். ஓசூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நடக்கும் கால், வாய்க்காலில் வரும் கால், வடிகாலில் வரும் கால், தேரின் சக்கரமாகிய கால், எல்லாவற்றிலும் ஓடுதல், செல்லுதல் என்ற கருத்து இருப்பதாகவே நான் கொள்கிறேன்.

சக்கரம் என்றதும் நம் ஊர்ச் செய்தி ஒன்று. தகடூர் என்பது நம் தருமபுரியின் பழைய பெயர். அதன் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் எதற்கு ஒப்பிட்டார் தெரியுமா? ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைக் 'கால்' போன்றவன் என்றார். ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதம்! வீட்டில் உட்கார்ந்து அவசரமில்லாமல் வேலை பார்க்கும் உங்கள் வண்டிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஔவையார் இன்னும் நெருங்கி வருகிறார். உப்பு வணிகர்கள் மேடு பள்ளத்தில் வண்டி என்ன ஆகுமோ என்று, வண்டியின் கீழ்மரத்தில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குப் பெயர் சேமவச்சு. உங்கள் ஃபார்ச்சூனரிலும் மாற்றுச் சக்கரம் வண்டிக்கு அடியில்தானே தொங்குகிறது? அதை நாம் ஸ்டெப்னி என்கிறோம். ஸ்டெப்னி, வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஒரு தெருப்பெயர். மாற்றுச் சக்கரம் இல்லாமல் கார் விற்ற காலத்தில் அந்தத் தெருவில் செய்து விற்றதால் பொருளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தகடூர் மண்ணில் சேமவச்சு என்ற சொல் கிடக்கும்போது, கடல் கடந்த ஊரின் தெருப்பெயர் நமக்கு எதற்கு? 'சேமக்கால்' என்று சொல்லலாமே.

பாலக்கோட்டிலிருந்து

ஐயா, படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஔவையார் அச்சைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருந்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி. பட்டறைச் சுவரில் எழுதி வைக்கப் போகிறேன்.

ஆனால் சேமக்கால் என்றால் செயற்கைக் கால் என்று நினைப்பார்கள் ஐயா. ஸ்டெப்னி இருக்கட்டும். வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் வரைக்கும் அது தெரியும்.

கிருஷ்ணகிரியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

சில வருடங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் தெரிந்தவர் வீட்டில் இதே மாதிரி வண்டிக்கு டீசல் ஃபில்டர் மாற்றினார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. வகுப்பில் என் குறிப்பில் 'ஏர் எடுக்கவும்' என்று இருந்தது நினைவுக்கு வந்திருக்கிறது. டிராக்டரில் எப்படி எடுப்பார்களோ அப்படி, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டு இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லியிருக்கிறார். டீசல் பீய்ச்சிச் சுவரில் அடித்தது. அவர் முகம் அந்தப் பக்கம் இல்லாதது நம் நல்ல காலம்.

பழைய டிராக்டரில் அது வழக்கம்தான். காமன் ரெயில் எஞ்சினில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் இந்த வண்டி மாதிரி எஞ்சினில், அது உயிரோடு விளையாட்டு. டயரில் நாம் வைக்கும் அழுத்தம் 2 பாரை ஒட்டி. காமன் ரெயிலில் எஞ்சின் ஓடும்போது 1,000 பாருக்கு மேல் போகும். அந்த அழுத்தத்தில் ஊசி மாதிரி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரிடலாம். அது போக, தளர்த்திய பைப்பைத் திரும்ப மாட்டினால் கசியும், புதிது போட வேண்டும் என்று பல நிறுவனங்களின் கையேடுகளே சொல்கின்றன.

அங்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஃபில்டரின் தலைமேல் ஒரு கைப்பம்பு இருக்கும். அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் லொடலொடவென்று போகும். டீசல் ஏற ஏற இறுகும். கைக்கு நன்றாகக் கெட்டியானதும் ஸ்டார்ட் செய்யலாம். எந்த நட்டையும் திறக்க வேண்டாம். டேங்கிலேயே கரண்ட் பம்பு உள்ள வண்டிகளில் சாவியை மட்டும் ஆன் செய்து சில நொடி விட்டு, இதை இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

பிரேக்கில் நேர்மாறு. அங்கே சக்கரத்துப் பிரேக்கில் காற்றை வெளியே விடுவதற்கென்றே இருக்கும் நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்தே ஆக வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் தளர்த்தி, குமிழியோடு வரும் ஆயிலைக் குழாய் வழியாகப் பாட்டிலில் விட்டு, பெடலிலிருந்து கால் எடுக்கும் முன் மூட வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது கொதித்து ஆவியாகிவிடும். ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அந்த இறக்கத்தைத் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆக, ஒன்றில் திறக்க வேண்டும், ஒன்றில் திறக்கவே கூடாது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியது என் தவறு. வளியா காற்றா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். சொல்லைப் படித்ததும் கை எங்கே போகும் என்பது முதல் கேள்வி. பிரேக்குக்குக் 'காற்று வடித்தல்' எனக்கு முழுச் சம்மதம். டீசலுக்கு, காற்றைப் பற்றியே பேசாத ஒரு சொல் வேண்டும்.

ஓசூரிலிருந்து

சார், உங்கள் மடலைப் படித்துவிட்டு என் பழைய மொழிபெயர்ப்புகளைத் திறந்து பார்த்தேன். மூன்று இடங்களில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறேன். திருத்தச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

டீசல் வேலையை நினைத்தால் எனக்கு எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார்தான் ஞாபகம் வருகிறது. ஃபுட் வால்வு ஒழுகினால் பம்பில் தண்ணீர் நிற்காது. வெறும் பம்பு எவ்வளவு ஓடினாலும் இழுக்காது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மேலே ஊற்றி நிரப்பிய பிறகுதான் சுவிட்சைப் போடுவோம். ஃபில்டர் மாற்றிய டீசல் லைனும் அதே வெறும் பம்புதான். 'முன்னிறைத்தல்' என்று வைக்கலாமா? முன்கூட்டி நிறைப்பது.

பாலக்கோட்டிலிருந்து

முன்னிறைத்தல் புரிகிறது அம்மா, ஆனால் 'தண்ணி இறைக்கிறது' மாதிரி ஒலிக்கிறது. மறுபடி ஒலிச் சிக்கல். பையன்களிடமே கேட்டேன், கைப்பம்பை அமுக்கும்போது என்ன செய்கிறாய் என்று. "டீசல ஏத்தறேன்" என்றான் ஒருவன். ஏறுவதைக் கையில் உணர்கிறான், அதனால் அப்படிச் சொல்கிறான். 'டீசல் ஏற்றுதல்' என்று எழுதிவிடுங்கள் சார்.

அரூரிலிருந்து

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். டீசல் ஏற்றுதல் என்றால் டேங்கர் லாரியில் லோடு ஏற்றுவது ஆகாதா? வாரம் இரண்டு நாள் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து

பங்க்கில் வண்டிக்கு டீசல் 'போடுவோம்', 'அடிப்போம்'. டேங்கர்காரர் 'ஏற்றுவார்'. ஃபில்டர் பக்கத்தில் டேங்கர் எங்கே வரப்போகிறது தம்பி?

ஓசூரிலிருந்து

முதல் மடலில் இதே காரணத்தைத்தான் ஏருக்கும் சொன்னீர்கள் அண்ணா, இடம் பார்த்துப் புரியும் என்று. எழுத்துக்கு அது போதாது என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். 'லைனில் டீசல் ஏற்றுதல்' என்று ஒரு சொல் கூட்டினால் அரூர்க்காரரின் சந்தேகம் தீரும். என் முழு மனசு இன்னும் முன்னிறைத்தல் பக்கம்தான். ஆனால் அச்சுக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து

இன்று இரவு பக்கங்களை அனுப்புகிறேன். பிரேக் பகுதியின் தலைப்பு 'காற்று வடித்தல்'. ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடும் வேலைக்கும் 'நீர் வடித்தல்' என்று அதே வினையை வைத்திருக்கிறேன். இரண்டிலும் எதையோ திறக்கிறோம், அதனால் பொருந்துகிறது. டீசல் பகுதிக்கு 'லைனில் டீசல் ஏற்றுதல்'. அதன் கீழே கட்டம் கட்டி, "பட்டறையில் இதையும் ஏர் எடுப்பது என்பார்கள். இந்த எஞ்சினில் எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். ஸ்டெப்னி, ஸ்டெப்னியாகவே இருக்கிறது. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தருமபுரியிலிருந்து

தம்பி, கட்டம் கட்டியது நல்ல காரியம். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் தொல்காப்பியர் வடசொல்லைக்கூட வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தினால்தான் ஏற்றார். 'லைன்' என்பதைத் தலைப்பிலேயே வைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. குழாய் இருக்கிறதே? 'குழாயில் டீசல் ஏற்றுதல்' என்றால் பாலக்கோட்டுப் பையன்களுக்குப் புரியாதா? அச்சகத்தில் தாள் ஏறும் முன் ஒரு முறை அவர்களிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரவு எத்தனை மணி ஆனாலும் விழித்திருப்பேன்.