பல்மனரி வெயின் ஸ்டெனோசிஸ் (நுரையீரல்ல இருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டு வர்ற வெயின் சுருங்கறது): உங்களுக்கு எப்படி தெரிய வந்துச்சு?

பாப்பா அம்மா
டிஏபிவிசி (நுரையீரல் வெயினெல்லாம் சேர வேண்டிய எடத்துல சேராம வேற எடத்துல சேர்ற பிறவிக் கோளாறு) ரிப்பேர் ஆன குழந்தைங்களோட அம்மா அப்பா யாராச்சும் இருந்தா படிங்க. பாப்பாவுக்கு பொறந்த 9வது நாள் ஆபரேஷன், நல்லா முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க. மூணாவது மாசம் பால் குடிக்கறப்ப நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்க்கும், ரெண்டு வாய் குடிச்சிட்டு மூச்சு இளைக்க ஆரம்பிச்சிடுவா. சளின்னாங்க, நெபுலைசர், மறுபடி நெபுலைசர், வெயிட் மட்டும் ஏறவே இல்ல. ரிவ்யூ எக்கோ அன்னைக்கு எடுக்கறவர் பாப்பாவுக்கு விளையாட்டு காட்டிக்கிட்டே இருந்தாரு, திடீர்னு ஒரு எடத்துல கை நின்னுடுச்சு, பேச்சும் நின்னுடுச்சு. அதே எடத்தையே கலர் போட்டுப் போட்டுப் பாக்கறாரு. ஜெல் ஆறிப்போய் பாப்பா குளிர்ல நெளியறா, துணியை எடுத்து மூடணும்னு கூட எனக்குத் தோணல. "வெயின் வந்து சேர்ற எடத்துல ரத்தம் வேகமா பாயுது, டாக்டர் வரட்டும்"னாரு. நாலு வெயின்ல ரெண்டு சுருங்கியிருந்துச்சு. மூணு வாரமா அந்த வேர்வையை நான்தான் துடைச்சுத் துடைச்சு விட்டுட்டு இருந்தேன்.

அறுபது தாண்டியவன்
அம்மா, பெரியவங்களுக்கும் வரும், நானே சாட்சி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயம் தாறுமாறா துடிக்கறது) அப்லேஷன், அதாவது வெயின் சேர்ற எடத்துல சூடு வெச்சு அதை நிறுத்தறது, பண்ணி படபடப்பு சுத்தமா நின்னு சந்தோஷமா திரிஞ்சேன். நாலு மாசம் கழிச்சு இருமல். அப்புறம் படி ஏறினா மூச்சு. அப்புறம் கைக்குட்டையில ரத்தம். நிமோனியான்னு ரெண்டு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக், ஸ்கேன்ல நுரையீரல்ல ஒரு திட்டு தெரியுதுன்னு கேன்சரா இருக்குமோன்னு பயாப்ஸிக்கு நாள் குறிச்சாச்சு, வீட்ல யாரும் யார் முகத்தையும் பாக்கல. ஒரு சின்னப் பையன் டாக்டர், டியூட்டிக்கு வந்தவர், படுக்கை பக்கத்துல நின்னு "ஹார்ட்ல எப்பவாச்சும் ஏதாவது பண்ணிருக்கீங்களா சார்?"னு கேட்டாரு. அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல, நானும் அது வேற இது வேறன்னு சொல்லல. அந்த சூடு வெச்ச எடம் தழும்பாகி இடது மேல் வெயின் நூல் மாதிரி ஆயிருக்கு. சிடி ஆஞ்சியோல பாத்தாங்க, பெரிய சைஸ் ஸ்டென்ட் ஒண்ணு வெச்சாங்க, முடிஞ்சுது. கவலைப்படாதீங்க, பாப்பாவுக்கும் ஒரு ஸ்டென்ட் போட்டா சரியாயிடும்.

கேத் லேப் வாசல்
அய்யா கோச்சுக்காதீங்க, அந்தக் கடைசி வரி தப்பு. உங்களுக்கு வந்தது சூட்டுத் தழும்பு, ஒரு எடத்துல. குழந்தைக்கு வெயின் சுவர்லயே செல்லு பெருகிப் பெருகி உள்ள அடைக்குது, திறந்து விட்டா திரும்ப வளரும், சில சமயம் நுரையீரல் பக்கம் மேல மேல ஏறிப் போகும். அதோட குழந்தை வளரும், ஸ்டென்ட் வளராது, அதை மறுபடி மறுபடி பலூன் வெச்சு விரிக்கணும். என் பையனுக்கு இதுவரைக்கும் 7 தடவை கேத் (ரத்தக்குழாய் வழியா மெல்லிசு குழாய் விட்டு இதயத்துக்குள்ள பாக்கறது, அடைப்பை விரிக்கறது). நடுவுல சூச்சர்லெஸ்னு ஒரு ஆபரேஷன், வெயின் விளிம்புல தையல் போடாம இதயத்தைச் சுத்தி இருக்கற உறையை (பெரிகார்டியம்) வெச்சு தைப்பாங்க, தையல் போட்ட எடம்தான் மறுபடி தழும்பாகுதுன்னு. இப்ப சிரோலிமஸ் குடுக்கறாங்க, செல்லு பெருகறதை அடக்க. 5வது கேத் அன்னைக்கு அவனே வீல் பெட்ல ஏறிப் படுத்துக்கிட்டு "நீ வெளிய இரு, நான் வந்துடறேன்"னான். மூணு வயசு. அதை நெனச்சா இன்னிக்கும் தூக்கம் வராது.

முப்பது வாரத்துக்கு முன்னாடி
எங்களுக்கு இதய ஆபரேஷனே கிடையாது. 26 வாரத்துல பொறந்தவன், நுரையீரல் முதிரல, வெண்டிலேட்டர், ஆக்சிஜன். முதல் எக்கோல நாலு வெயினும் நல்லா இருந்துச்சு. அஞ்சாவது மாசமும் ஆக்சிஜனை எடுக்க முடியல, எல்லாரும் குறைமாச நுரையீரல்னே சொன்னாங்க, பல்மனரி பிரஷர் (நுரையீரல் ரத்தக்குழாய்ல இருக்கற அழுத்தம்) ஏறுதேன்னு யாரோ திரும்ப வெயினைப் பாத்தப்பதான் ஒண்ணு முழுசா மூடியிருந்துச்சு. முதல் ரிப்போர்ட்ல "நார்மல்"னு போட்ட அந்தத் தாளை இன்னும் கிழிக்கல.

சித்தப்பாவுக்காக
எங்க சித்தப்பாவுக்கும் அப்லேஷனுக்கு அப்புறம் இது வந்துச்சு, லேட்டா பாத்ததால அந்த வெயின் முழுசா அடைஞ்சு கம்பியே நுழைய முடியல. அதனால சொல்றேன், எல்லாரும் கேளுங்க. அப்லேஷன் பண்ணவங்க டிஸ்சார்ஜ் சம்மரியை எந்த டாக்டர்கிட்ட போனாலும் எடுத்துட்டுப் போங்க, பல்லு டாக்டரா இருந்தாலும். நெஞ்சு மேல வெச்சு எடுக்கற எக்கோ நல்லா இருக்குன்னா நம்பி விட்டுடாதீங்க, பெரியவங்களுக்கு அதுல வெயின் சரியா தெரியாது, சிடி கேளுங்க. அப்லேஷனே இல்லாம டிபியோ வேற ஏதோ தொற்றோ வந்து நெஞ்சு நடுவுல நெறி கட்டி, தழும்பாகி, வெயினை வெளிய இருந்து அமுக்கறதும் உண்டு, கட்டியும் அமுக்கும். இப்ப பல்ஸ்டு ஃபீல்டுன்னு சூடு வைக்காத அப்லேஷன் வந்திருக்கு, அதுல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி, இனிமே பண்றவங்க அதைப் பத்தி கேளுங்க. அப்புறம் நுரையீரல் பிரஷர் ஏறினா சில்டெனாஃபில் குடுக்கச் சொல்லுங்க, எங்க தெரிஞ்சவங்க குழந்தைக்கு நல்லா கேட்டுச்சு, பாப்பாவுக்கும்

கேத் லேப் வாசல்
நிறுத்துங்க. சில்டெனாஃபிலை இங்க பொதுவா சொல்லாதீங்க. அது நுரையீரலுக்குள்ள ரத்தம் வர்ற குழாயை விரிக்கும், வெளிய போற வெயின் அடைச்சிருந்தா வந்த ரத்தம் எங்க போகும்? நுரையீரல்லயே நீர் கோத்துக்கும். என் பையனுக்கு வெயின் விஷயம் தெரியறதுக்கு முன்னாடி குடுத்து ராத்திரியோட ராத்திரியா ஐசியூ போனோம். யாருக்கு குடுக்கலாம்னு குழந்தையைப் பாக்கற டாக்டர் சொல்லட்டும்.

அறுபது தாண்டியவன்
தம்பி சொன்னது சரி, ஸ்டென்ட் வரியை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கே ஆறு மாசத்துல திரும்ப சிடி எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க, "முடிஞ்சுது"ன்னு நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

பாப்பா அம்மா
எல்லாருக்கும் நன்றி. அடுத்த வாரம் பலூன். கையெழுத்துப் போடச் சொன்ன தாள்ல "மறுபடி சுருங்கலாம்"னு இருந்துச்சு, அந்த வரி வரைக்கும் படிச்சேன், மிச்சத்தை அவர் படிச்சாரு. கேத் லேப் அண்ணா, சிரோலிமஸ் ஆரம்பிச்சா வாய்ப்புண் வரும்னாங்க, அவ ஏற்கனவே பாட்டிலைத் தள்ளி விடறா. உங்க பையனுக்கு அந்த நாள்ல எப்படி பால் குடுத்தீங்க?