கூட்டுத் தொடர்வரிசையில் எதற்கு ஒன்றைக் கழிக்கிறோம்?

பாம்பன் அப்பா:

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். கணக்கில் இரண்டாவது பாடம், ‘எண்களும் தொடர்வரிசைகளும்’, போய்க்கொண்டிருக்கிறது. சூத்திரம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள்: முதல் உறுப்போடு ‘என் கழித்தல் ஒன்று’ தடவை பொது வித்தியாசத்தைக் கூட்டினால் ‘என்’ஆவது உறுப்பு. ஆனால் நேற்று ராத்திரி 7, 11, 15, 19 என்று போகும் வரிசையில் 20ஆவது உறுப்பைக் கேட்ட கணக்குக்கு, இருபது நாலு எண்பது, அதோடு 7, ஆக 87 என்று எழுதிவிட்டாள். புத்தகத்தின் பின்னால் விடை 83. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “20ஆவது உறுப்பைத்தானே கேட்கிறார்கள், அப்புறம் எதற்கு 19ஆல் பெருக்க வேண்டும்?” என்றாள். நான் பத்தாவதோடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சூத்திரம் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பவும் மனசு வரவில்லை. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னார்கள், அதோடு கணக்கு எனக்கு விட்டுப்போனது.

இன்னொன்று, ஏறிக்கொண்டே போகும் எண்கள் எல்லாமே கூட்டுத் தொடர்வரிசைதானா என்றும் கேட்கிறாள். கூடுதல் கண்டுபிடிக்கும் சூத்திரத்தில் இரண்டால் வகுப்பது ஏன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. மார்க்குக்காகக் கேட்கவில்லை, பிள்ளைக்கு விளங்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி டீச்சர்:

அண்ணா, பெருக்கலில் அவள் தப்பே செய்யவில்லை. உறுப்புகளை எண்ணுவதும் இடைவெளிகளை எண்ணுவதும் ஒன்று என்று நினைத்துவிட்டாள், அவ்வளவுதான். என் வகுப்பிலும் வருஷா வருஷம் பிள்ளைகள் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

வீட்டில் வலை கிடக்கும் இல்லையா, அதை எடுத்து விரியுங்கள். மேல் கயிற்றில் வரிசையாக மிதவைகள் இருக்கும். அவளை ஐந்து மிதவை எண்ணச் சொல்லுங்கள். பிறகு முதல் மிதவையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, ஐந்தாவதுக்குப் போக எத்தனை தடவை தாவ வேண்டும் என்று கேளுங்கள். நான்கு தடவைதான். மிதவை ஐந்து, தாவல் நான்கு. பொது வித்தியாசம் என்பது ஒரு தாவலின் நீளம். 20ஆவது உறுப்புக்குப் போக 19 தாவல், ஒவ்வொன்றும் 4, மொத்தம் 76, புறப்பட்ட இடம் 7, ஆக 83. முதல் உறுப்பில் நிற்கும்போது நாம் இன்னும் தாவவே இல்லை, அங்கே 7 மட்டும்தான் இருக்கிறது. இருபதாலேயே பெருக்கினால் 21ஆவது மிதவையில் போய் நிற்போம், அவளுக்கு வந்த 87 அதுதான்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு ஒன்றும் இருக்கிறது. நம் பக்கத்து மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14, கூட்டிப் பாருங்கள், சரியாக 61. ஆனால் ஏப்ரல் 15இலிருந்து 60 நாள் தள்ளினாலே ஜூன் 14 வந்துவிடும். நாட்கள் 61, நகர்ந்தது 60. இதை அவளையே காலண்டரில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மண்டபம் தம்பி:

அண்ணே, இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஏறிக்கொண்டு போனால் மட்டும் போதாது, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு ஏற வேண்டும். நம் ஊர் விசைப்படகு கடலுக்குப் போகிற நாளையே எடுத்துக்கொள்ளுங்கள், திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஒரு திங்கட்கிழமையை 1 என்று வைத்து நாட்களுக்கு எண் போட்டால் விசைப்படகு நாட்கள் 1, 3, 6, 8, 10, 13, 15 என்று வரும். பார்க்க ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பாருங்கள், 2, 3, 2, 2, 3, 2. எல்லாம் ஒன்றாக இல்லை, அதனால் இது கூட்டுத் தொடர்வரிசை இல்லை. இதிலேயே சனிக்கிழமைகளை மட்டும் தனியாக எடுத்தால் 6, 13, 20, 27, வித்தியாசம் எப்போதும் 7. இது கூட்டுத் தொடர்வரிசை. முதல் இரண்டு எண்ணை மட்டும் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது என்பதற்குத்தான் இந்த உதாரணம், பரீட்சையில் அப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

உங்கள் வாசலிலேயே இன்னொன்று இருக்கிறதே, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம். அதில் தூணுக்குத் தூண் 18.3 மீட்டர் உள்ள கண்கள் 99. கரையிலிருந்து ஒவ்வொரு தூணாகப் போனால் தூரம் 18.3, 36.6, 54.9 என்று ஏறும், பொது வித்தியாசம் 18.3. கப்பல் போவதற்காகத் தூக்குகிற கண் வந்ததும் ஒரேயடியாக 72.5 மீட்டர் தாண்ட வேண்டும். அந்த இடத்தில் வரிசை அறுந்துவிடும். பாலத்தைக் காட்டியே கேளுங்கள், எது வரைக்கும் கூட்டுத் தொடர்வரிசை, எங்கே இல்லாமல் போகிறது என்று.

பாம்பன் அப்பா:

தம்பி, திங்கள் புதன் சனி கணக்கை மகள் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் ஐயா, நிலா உதிப்பது நாளுக்கு 2 நாழிகை தள்ளிப்போகும், கடல் ஏறுவதும் வற்றுவதும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகும் என்று விரல்விட்டுச் சொல்வார். அது கூட்டுத் தொடர்வரிசைதானே?

தொண்டி டீச்சர்:

ஐயா சொன்ன கணக்கு கூட்டுத் தொடர்வரிசைதான். ஒரு நாழிகை 24 நிமிடம், 2 நாழிகை 48, சராசரியாக நிலா தள்ளிப்போவது சுமார் 50 நிமிடம், எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது பாருங்கள். ஆனால் நிஜத்தில் நிலா தினமும் ஒரே அளவு தள்ளிப்போகாது, சில நாள் குறைவாக, சில நாள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக. அதனால் ஐயாவின் கணக்கு கூட்டுத் தொடர்வரிசை, நிலா அதை ஒட்டி நடக்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள். அந்த வேறுபாடு பிள்ளைக்குத் தெரிய வேண்டியதுதான்.

ஏர்வாடி அக்கா:

கூடுதலுக்கு நான் கோலத்தை வைத்துத்தான் என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை. நடுவில் 15 புள்ளி வைத்துவிட்டு, மேலே 14, 13, 12, 11, 10, 9, 8. கீழேயும் அப்படியே. மேல் பக்கத்தை மட்டும் கூட்ட வேண்டும் என்றால் ஒவ்வொன்றாகக் கூட்டாமல் இரண்டு முனையையும் சேர்த்துப் பாருங்கள் தம்பி: 14உம் 8உம் 22, 13உம் 9உம் 22, 12உம் 10உம் 22. ஒன்று ஒன்று குறைய இன்னொன்று ஒன்று ஏறுகிறது, அதனால் ஜோடி மாறுவதே இல்லை. நடுவில் 11 தனியாக நிற்கும், அதுவும் 22இல் பாதிதான். ஆக ஏழு வரிசையும் சராசரி பதினொன்று, ஏழு பதினொன்று 77. இரண்டு பக்கமும் 154, நடு வரிசை 15, மொத்தம் 169 புள்ளி.

இரண்டால் வகுப்பது ஏன் என்று கேட்டீர்களே. கடற்கரையில் சிப்பி பொறுக்கி 1, 2, 3, 4, 5 என்று படிபோல அடுக்கச் சொல்லுங்கள். அதே மாதிரி இன்னொரு படியை அடுக்கி, தலைகீழாகத் திருப்பி முதல் படியோடு சேர்த்தால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு சிப்பி, செவ்வகம் கட்டினதுபோல முப்பது வரும். நாம் வைத்தது இரண்டு படி, நமக்கு வேண்டியது ஒன்று. அதனால் பாதி, 15. என் மகன் மணலில் உட்கார்ந்து அந்த இரண்டாவது படியைத் திருப்பி வைத்த உடனே தானே எழுந்து விடை சொன்னான், நான் வாயே திறக்கவில்லை.

தொண்டி டீச்சர்:

அக்கா சொன்ன சராசரி வழி மிகப் பழையது. 499ஆம் ஆண்டையொட்டி ஆரியபட்டர் எழுதிய நூலின் கணிதபாதத்தில் 19ஆம் பாடல் இதையே சொல்கிறது. நடு மதிப்பைக் கண்டுபிடி, உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கு, இல்லையென்றால் முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கு என்று இரண்டு வழியும் அதிலேயே இருக்கிறது. நடு மதிப்பு காணும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்கவும் சொல்கிறார். உங்கள் மகளுக்கு வந்த அதே ஒன்று!

பாம்பன் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் வலையை விரித்து எண்ண வைத்தேன். விரலை வைத்துத் தாவிக்கொண்டே போனவள் பாதியிலேயே நிறுத்தி, “அப்பா, முதல் மிதவைக்குத் தாவலே கிடையாது” என்றாள். பிறகு நானே ஒரு கணக்குக் கொடுத்தேன், அதே 7, 11, 15 வரிசையில் 151 வருமா, 150 வருமா என்று. 150இல் 7 போக 143, நாலில் வகுபடாது, வராது. 151இல் 7 போக 144, நாலில் வகுத்தால் 36. நான் 36ஆவது உறுப்பு என்று சொல்லிவிட்டேன். இல்லையப்பா, 36 தாவல், அதனால் 37ஆவது மிதவை என்று அவள் என்னைத் திருத்தினாள்.

தொண்டி டீச்சர்:

அப்படியென்றால் இறங்கு வரிசை ஒன்று கொடுங்கள். 100, 93, 86, 79 என்று போனால் பூஜ்யத்துக்குக் கீழே போகும் முதல் உறுப்பு எது, எத்தனையாவது? சூத்திரத்தை எழுதாமல் தாவலை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

பாம்பன் அப்பா:

14 தாவலில் 2 வரை வருகிறதாம், இன்னொரு தாவலில் −5. ஆகவே 16ஆவது உறுப்பு. மகளே தட்டச்சு செய்யச் சொன்னாள், டீச்சர்.