மறு: கீஃபிரேம், ஈஸ் இன், ஈஸ் அவுட்: புதன்கிழமைக்குள் சொல் வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்து, வகுப்பு ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வடிவமைப்பு வகுப்பில் கணினி அசைவூட்டம் தொடங்கியிருக்கிறோம். தமிழ் மூலம் படித்த பிள்ளைகள்தான் கூட. புதன்கிழமைக்குள் குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அசைவூட்டம் (அனிமேஷன்), சட்டகம் (ஃபிரேம்) என்ற சொற்கள் இரண்டும் பழகிவிட்டன. கீஃபிரேம்தான் தடக்குகிறது.

முதல் பயிற்சி துள்ளும் பந்து. பிளெண்டர் என்ற அசைவூட்ட மென்பொருளில் நொடிக்கு 24 சட்டகம். 1ஆம் சட்டகத்தில் பந்து மேலே, 13இல் நிலத்தில், 25இல் திரும்ப மேலே. இந்த மூன்றை மட்டும் பிள்ளை வைக்கும். மிச்சத்தைக் கணினி போட்டுக்கொள்ளும். அந்த மூன்றுக்குத்தான் பெயர் வேண்டும். 'கீ' எங்களுக்குத் திறப்பு என்பதால் 'திறப்புச் சட்டகம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், சரியா? அசைவின் வேகம் மெல்லக் கூடுவதையும் தணிவதையும் சொல்லும் ஈஸ் இன், ஈஸ் அவுட்டுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

சென்னையிலிருந்து

திறப்பு என்றால் எங்களுக்குத் திறப்பு விழாதான் நினைவுக்கு வரும். படம் தொடங்கும் சட்டகம் என்றே எடுத்துக்கொள்வார்கள். சாவிச் சட்டகம் என்று போடலாமே.

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சாவி போர்த்துக்கேயர் தந்துவிட்டுப் போன சொல். கதிரை, அலுமாரி போல வீட்டுக்குள் இருக்கட்டும். புதிதாக ஆக்கும் சொல்லுக்குள் அதை ஏன் கொண்டுவர வேண்டும்? அதோடு, இங்கே எந்தப் பூட்டையும் திறக்கவில்லை. கையால் வரைந்த காலத்தில் மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை வரைந்து கொடுப்பார், உதவியாளர் நடுவில் உள்ளவற்றை நிரப்புவார்.

பொருளைப் பாருங்கள். நடுவே நிற்கும் ஒன்று முன்னையும் பின்னையும் ஆளுகிறது. செய்யுளில் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைகளில் ஒன்றாக, நன்னூலார் இதைத் தாப்பிசைப் பொருள்கோள் என்றார். 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண' என்ற குறளில் நடுவே உள்ள 'ஊன்' முன்னே போய் 'ஊன் உண்ணாமை' என்றும் சேர்கிறதல்லவா? தாம்பு என்றால் முன்னும் பின்னும் ஆடும் ஊஞ்சலின் கயிறு. இரும்பு இருப்புப்பாதை ஆவதுபோலத் தாம்பு தாப்பு ஆகும். ஆகவே 'தாப்புச் சட்டகம்'.

இன்னொன்று. நடுப்படங்களை இடைச்செருகல் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். பழைய நூலுக்குள் பின்னால் வந்தவர் நுழைத்த பாட்டுக்கு அந்தப் பெயர்.

தெஹிவளையிலிருந்து, அசைவூட்டக் கலைஞர்

ஐயா, தாப்பு அழகான சொல். ஆனால் முதலாவது கீஃபிரேமுக்கு முன்னே ஒன்றும் இல்லை, கடைசிக்குப் பின்னே ஒன்றும் இல்லை. அங்கே எப்படிப் பொருந்தும்?

ரீச்சர், எனக்கு மற்றதுதான் அவசரமாகப் படுகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் ஈஸ் இன் என்றால் கீஃபிரேமுக்கு வந்து சேரும்போது வேகம் தணிவது. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ்ஸில் ஈஸ் இன் என்றால் மெதுவாகப் புறப்பட்டு வேகம் கூடுவது. பெயர் ஒன்று, வேலை நேரெதிர். ஒரே தவணையில் இரண்டையும் படிக்கிற பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

எங்களிடம் ஏற்கனவே சொல் இருக்கிறது: ஆர்முடுகல், அமர்முடுகல். பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் எல்லோரும் படித்ததுதான். வேகம் கூடினால் முன்னது, தணிந்தால் பின்னது. எந்த மென்பொருளுக்குப் போனாலும் மாறாது. பந்துப் பயிற்சியையே எடுங்கள். பிளெண்டர் தானாகவே இரு முனையிலும் வேகத்தைத் தணிக்கும் பெசியர் வளைவைப் போடுவதால், பந்து நிலத்தைத் தொடுமுன்பே வேகம் தணிந்து பஞ்சில் இறங்குவதுபோல் தெரியும். 'விழும்போது ஆர்முடுக வேண்டும், எழும்போது அமர்முடுக வேண்டும்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அசைவு வளைவுகளைத் திருத்தும் கிராஃப் எடிட்டரில் 13ஆம் சட்டகத்து வளைவைக் கூராக்க வேண்டும் என்பது பிள்ளைக்கே பிடிபடும்.

சென்னையிலிருந்து

ஆர்முடுகல் இங்கே யாருக்கும் தெரியாது. முடுக்கம், எதிர்முடுக்கம் என்றால் இரு கரையிலும் புரியும். கலைச்சொல் நாட்டுக்கு ஒன்றாகப் பிரிவது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து.

கொட்டாஞ்சேனையிலிருந்து

முடுகு தொல்காப்பியத்திலேயே உண்டு. செய்யுளியலில் விரைந்தோடும் ஓசைக்கு முடுகு வண்ணம் என்று வருகிறது. ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்கியிருத்தல். எதிர் என்று ஒட்டுப்போடுவதைவிட இவை எவ்வளவோ மேல். இதில் நான் தம்பியின் பக்கம்.

வெள்ளவத்தையிலிருந்து

குறிப்பு அச்சுக்குப் போய்விட்டது. ஆர்முடுகலும் அமர்முடுகலும் உள்ளே இருக்கின்றன. என் பிள்ளைகளுக்கு அவைதான் விளங்கும். சென்னை அன்பர் சொன்னதை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். நடுவில் வருவது இடைப்படம். கீஃபிரேமுக்குத் தனிமடலிலும் பலர் கேட்டபடி 'முதன்மைச் சட்டகம்' என்று போட்டேன். ஐயா மன்னிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

மன்னிப்பு எதற்கு, மகள்? ஆனால் முதன்மை என்றதும் முதலாவது என்று கொள்ளும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். அது 25ஆம் சட்டகத்தை எப்படி முதன்மை என்று நம்பும்? அடுத்த பதிப்புக்கு முன் தாப்பை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.